காசில்டாவின் கேள்வி

லகூனா பெர்தீதா, அதாவது 'தொலைந்த ஏரி', என்ற ஊருக்குப் பெயர் கொடுத்த ஏரி சில வருஷம் இருக்கும், சில வருஷம் இருக்காது. ராணுவ ஆட்சி ஒழிந்து இரண்டாவது இலையுதிர்காலம் வந்த அந்த வருஷம் ஏரி இருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் மேற்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால், மதிய வெயிலில் அது தரையை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி மிதப்பதுபோல் தெரியும். விளிம்பில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நிற்கும். காற்று வீசினால் நாரைகளும் ஏரியும் சேர்ந்தே நடுங்கும்.

சுல்மா பெரால்தா அந்த ஜன்னலோரம்தான் உட்காருவாள். பத்தொன்பது வயது. கொடிபோல் உடம்பு, இடுப்பைத் தொடும் தலைமுடி. ஊரில் பாதிப் பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ஒல்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் நடக்கும்போது கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். அம்மா இதற்காகவே சின்ன வயதில் அவளை டாக்டரிடம் காட்டியிருந்தாள். "காது நல்லா கேக்குது. கேக்கணும்னு நெனச்சாத்தான் கேக்குது" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் எல்லைப்புற வரலாறு நடத்த ஒரு புது டீச்சர் வந்தார். மிர்த்தா லாஸ்கானோ. முப்பதைத் தாண்டிய வயது, அதற்குள் காதோரம் நரை. வந்த முதல் நாளே வகுப்புக் கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார். குளிர்காற்று உள்ளே வந்து தாள்களைப் பறக்கடித்தது.

"டீச்சர், கதவைச் சாத்திக்கலாமா? வெறைக்குது" என்றான் தீத்தோ. வகுப்பிலேயே பெரிய வாய் அவனுக்குத்தான்.

"கோட்டைப் போட்டுக்கப்பா. கதவு அப்படியே இருக்கட்டும்" என்றார் டீச்சர். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

காசில்டாவின் கதையை அவர்தான் முழுதாகச் சொன்னார். பாதிக் கதை ஊருக்கே தெரியும். சதுக்கத்தில் அவளுக்குச் சிலை இருக்கிறது. குதிரைமேல் கேப்டன், அவன் காலடியில் மண்டியிட்டு வானத்தைப் பார்க்கும் பெண். நூறு வருஷத்துக்கும் முன்பு, ஏழு வயதில் ரான்கெல் பழங்குடியினர் ஒரு பண்ணையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, பட்டாளம் அவர்களுடைய குடிசைகளைத் தாக்கி அவளை மீட்டுக்கொண்டு வந்தது. மீட்ட இடத்தில் கோட்டை எழுந்தது. கோட்டையைச் சுற்றி ஊர் எழுந்தது. ஊர்க் குழந்தைகள் அந்தச் சிலைக் குதிரையின் முதுகில் ஏறித்தான் குதிரை ஓட்டப் பழகுவார்கள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

"அதுக்கப்புறம் அவ எங்க போனா?" என்று டீச்சர் கேட்டார்.

சுல்மா ஏரியிலிருந்து கண்ணைத் திருப்பினாள். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் அந்தச் சிலை அதற்கப்புறம் எழுந்து எங்காவது போயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

டீச்சர் சொன்னார். காசில்டாவை ஒரு நீதிபதி வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். செருப்புப் போட்டார்கள், கால் புண்ணாயிற்று. கட்டிலில் படுக்கச் சொன்னார்கள், தரையில் படுத்தாள். சொந்த மொழி பாதி மறந்துவிட்டது. கரண்டியைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, சிலுவையைக் காட்டி மறுபடி பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். பழங்குடியினரோடு இருந்தபோது அவளுக்குப் பிறந்த பிள்ளைகளைப் பட்டாளம் வேறு பக்கம் கொண்டுபோனது. பிடிபட்ட மற்ற பெண்கள், குழந்தைகளோடு அவர்களும் பெரிய நகரத்து வீடுகளுக்கு வேலைக்காரர்களாகப் பங்கு போடப்பட்டார்கள். எந்த வீடு, எந்தத் தெரு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் நீதிபதி வீட்டிலிருந்து திரும்பத் திரும்ப ஓடினாள். திரும்பத் திரும்பப் பிடித்துவந்தார்கள். கடைசியில் ஒரு பாதிரியார் அவளை உட்காரவைத்து இதமாக விசாரித்தார். 'மகளே, நீ சிறைப்பட்டிருந்தபோது உன்னைக் கொடுமைப்படுத்தினார்களா?'

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அதுக்கு அவ என்ன கேட்டா தெரியுமா? 'எதைக் கேக்கறீங்க சாமி? அப்பவா, இப்பவா?'"

வகுப்பு அமைதியானது. தீத்தோவால் அமைதியைத் தாங்க முடியாது.

"மூணு வேளை கறி, குதிரை சவாரி, வரி கெடையாது. என்னைய யாராச்சும் புடிச்சிட்டுப் போனா நானும் திரும்பி வரமாட்டேன் டீச்சர்!"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. திறந்த கதவருகே போய், தாழ்வாரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கி, கடைசியில் தீத்தோவின் வாயிலும் அடங்கியது.

அன்று முதல் சுல்மாவோடு காசில்டா கூடவே நடந்தாள். சைக்கிளில் வீடு திரும்பும்போது கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெறுங்காலோடு வருவாள். கால்தேன் முள்மரங்களின் நிழலில் நிற்பாள். குதிரைத்தோல் கூடாரத்துக்குள் புகை வாசம், குழந்தையின் தலை வாசம், வெளியே மட்டக்குதிரைகள் புல்லைக் கடிக்கும் சத்தம் எல்லாம் சுல்மாவுக்குப் பாத்திரம் கழுவும்போதுகூட வந்துவிடும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

"கொழாயை மூடுடி! ஏரியையே காலி பண்ணிடுவ போலிருக்கே!" என்று அம்மா கத்துவாள்.

'பண்பாடு என்றால் என்ன? உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்' என்று டீச்சர் ஒரு கட்டுரை கொடுத்தார். தீத்தோ தேசியக் கொடி, தேசிய கீதம், தேசிய உணவு என்று பக்கத்தை நிரப்பினான். சுல்மா அன்று மாலை வீட்டில் வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தானாகவே மாத்தே டீக் குடுவையில் இலையைப் போட்டு, சாய்த்து, வெந்நீரை ஓரமாக ஊற்றிக்கொண்டிருந்தது. 'மனசு வேறு எங்கோ இருக்கும்போது கை என்ன செய்கிறதோ அதுதான் பண்பாடு' என்று அவள் எழுதினாள். 'காசில்டாவின் கை நீதிபதி வீட்டில் உட்கார்ந்துகொண்டு குதிரைவால் முடியைப் பின்னியிருக்கும். அதற்கு யார் தூக்கிப்போனார்கள், யார் மீட்டார்கள் என்றெல்லாம் தெரிந்திருக்காது. கையைச் சிறைபிடிக்க முடியுமா? அல்லது கைதான் நம்மைச் சிறைபிடித்து வைத்திருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை.'

கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது டீச்சர் அவளை மட்டும் நிற்கச் சொன்னார். மற்றவர்கள் போய்விட்டார்கள். மதிய வெயில் மேஜைமேல் சாய்வாக விழுந்திருந்தது.

"இதை யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல டீச்சர். மாத்தே ஊத்தும்போது தோணிச்சு."

டீச்சர் தலையை ஆட்டினார். சுல்மா போயிருக்கலாம். ஆனால் ஊரில் ஒரு பேச்சு இருந்தது, அது அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"டீச்சர், நீங்க... உள்ள இருந்தீங்கன்னு சொல்றாங்க. ராணுவக்காரங்க..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே, தரைக்கு மேலே மிதக்கும் ஏரியைப் பார்த்தார்.

"இருந்தேன். எந்த எடம்னுகூட எங்களுக்குத் தெரியாது. கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோனாங்க. கதவு எப்பவும் மூடியே இருக்கும்." வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் தொடர்ந்தார். "ஒரே ரூம்ல சில பொண்ணுங்க இருந்தோம். பொழுது போகணுமில்ல? ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்குடுக்கறதுன்னு வச்சுக்கிட்டோம். நான் வரலாறு. ஒருத்தி நர்ஸ், எலும்புங்க பேரெல்லாம் சொல்லிக்குடுத்தா. வடக்கே கொரியெந்தெஸ் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, அவளுக்கு எதுவும் தெரியாதுன்னா. அப்புறம், ஆடத் தெரியும்னா. போர்வையை விரிச்சு, வெறுங்கால்ல, சத்தமே வராம அவங்க ஊர் ஜோடி ஆட்டம் சாமாமே ஆடச் சொல்லிக்குடுத்தா. பாட்டு கெடையாது. அவ உள்ளங்கையால என் முதுகுல தாளம் போடுவா. நான் அதுவரைக்கும் ஆடினதே இல்ல சுல்மா. அங்கதான் கத்துக்கிட்டேன்."

"அந்தக்கா இப்ப எங்க?"

"ஒருநாள் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரல."

தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். சுல்மாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"தலைநகரத்துல ராணுவக்காரங்க மேல விசாரணை நடக்குதே, அதுல என்னைய சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. அடிச்சதைச் சொல்லணும், கட்டினதைச் சொல்லணும். சொல்லுவேன். ஆனா அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்றது? அந்த எடத்துல ஒருநாள் நாங்க வாயைப் பொத்திக்கிட்டு வயிறு வலிக்கச் சிரிச்சோம்னு சொன்னா, அவங்க வக்கீல் என்ன சொல்லுவான்? 'பாத்தீங்களா, நல்லாத்தானே இருந்திருக்காங்க'ன்னு சொல்லமாட்டானா? சொல்லாம விட்டா அவளை மறுபடி தொலைச்ச மாதிரி ஆயிடும்."

சுல்மா ஒரு நாற்காலியைத் தூக்கினாள். பிறகு இருவரும் சேர்ந்து நாற்காலிகளை அடுக்கினார்கள்.

மே மாதக் கடைசியில் ஊரின் மீட்பு நாள் வரும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் பழைய கதையை நடித்துக் காட்டுவார்கள். மாட்டுத்தோலும் தார்ப்பாயும் போட்டுக் குடிசைகள் கட்டுவார்கள். துப்பாக்கிக் கழகத்துக்காரர்கள் வெற்றுத் தோட்டா கொண்டுவருவார்கள். தீயணைப்புப் படையின் பேண்டு வாசிக்கும். பட்டாளம் பாயும், பழங்குடித் தலைவன் சுடப்பட்டு விழுவான், கேப்டன் காசில்டாவைக் குதிரைமேல் தூக்கிக்கொள்வான், அவள் கொடியை முத்தமிடுவாள். அப்புறம் மாடு சுட்டுத் தின்பார்கள்.

அந்த வருஷம் காசில்டா யார் என்பதில் சந்தேகமே வரவில்லை. அந்த முடிக்கு ஊரில் வேறு ஆளில்லை. கேப்டன் ஓமார் பெர்னாஸ்கோனி, தானியக் கிடங்குக்காரரின் மகன். நல்லவன், வாட்டசாட்டமானவன், சுல்மாவை இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சதுக்கத்தைச் சுற்றி நடக்கக் கூட்டிப்போகிறவன். கல்யாணம் என்ற வார்த்தையை அவன் இன்னும் சொல்லவில்லை, ஆனால் அவன் அம்மா மேஜைவிரிப்புத் தைக்க ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்வி.

"கேப்டன் ஒன்னைத் தூக்கறப்போ பூ மாதிரி இருக்கணும். மூட்டை மாதிரி தொங்கிடாத" என்று ஒத்திகையில் ஓமார் சொன்னான்.

"நீ பூவைத் தூக்கறவன் மாதிரி தூக்கு. மூட்டை தூக்கித் தூக்கிப் பழகின கை அது" என்றாள் சுல்மா.

பழங்குடித் தலைவனாகச் சாவது எவாரிஸ்தோ மரிகெயோவின் வேலை. ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஊரில் அந்த முகஜாடை உள்ளவர் அவர்தான் என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் தலையில் இறகு கட்டிக்கொண்டு சாகிறார். உண்மையில் ரான்கெல்காரர்கள் இறகு கட்டியதில்லை, துணிப்பட்டைதான் கட்டுவார்கள். அதை ஒருமுறை அவர் சொல்லிப் பார்த்தார். இறகு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றார்கள்.

"வருஷா வருஷம் சாகறது போரடிக்கலையாண்ணே?" என்று சுல்மா கேட்டாள். இருவரும் தார்ப்பாய்க் குடிசை வாசலில் உட்கார்ந்து, பொரித்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"சாகறதுல ஒண்ணுமில்ல தங்கச்சி. வுழுந்தப்புறம் எந்திரிக்காம கெடக்கறதுதான் கஷ்டம். பேண்டு முடியற வரைக்கும் எறும்பு கடிக்கும்." பிறகு தன் பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணைக் காட்டினார். "இந்த வருசம் தெலியாவும் வர்றா. குடிசைப் புள்ளைங்கள்ல ஒருத்தியா நிக்கச் சொல்லியிருக்காங்க. மிட்டாய் தர்றாங்களாம்."

தெலியாவுக்கு நான்கு வயது. வாயில் விரலைப் போட்டுக்கொண்டு சுல்மாவின் முடியையே பார்த்தாள்.

மீட்பு நாளன்று வானம் கண்ணாடிபோல் இருந்தது. இரவின் உறைபனி கரைந்து, புல்லிலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஊரே கம்பளியும் தொப்பியுமாகப் பொட்டலைச் சுற்றி நின்றது. டீச்சர் கூட்டத்தின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்கிற இடத்தில் நின்றார். சுல்மா கிழிந்த பழுப்பு உடையில், முடியை அவிழ்த்துவிட்டு, குடிசை வாசலில் சாணி நெருப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். புகை அவளைச் சுற்றிக்கொண்டது. புகைக்கு அந்தப்பக்கம் இருந்த முகங்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தன. பெரிய ஒலிபெருக்கியில் நகரத் தலைவர் நாகரிகம், இருட்டு, விடியல் என்று பேசுவது எங்கோ தூரத்து ஊரின் பேச்சுபோல் வந்தது. அவளுடைய கை, தன்னையறியாமல், பக்கத்தில் கிடந்த கயிற்றுப் பிரியை எடுத்துப் பின்ன ஆரம்பித்திருந்தது.

குதிரைகளின் குளம்புச் சத்தம் முதலில் தரை வழியாக வந்தது. பிறகு தூசி. பிறகு துப்பாக்கிகள்.

வெற்றுத் தோட்டாதான். ஆனால் ஒத்திகையில் யாரும் சுட்டுப் பார்க்கவில்லை. சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. குடிசைப் பிள்ளைகள் மிட்டாயைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார்கள். எவாரிஸ்தோ ஈட்டியை உயர்த்தினார், நெஞ்சைப் பிடித்தார், வழக்கம்போல் அழகாக ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தார். கூட்டம் கைதட்டியது.

"பாப்பா!" என்று ஒரு அலறல் கேட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடும்.

தெலியா ஓடினாள். குதிரைகளின் கால்களுக்கு நடுவே, புகைக்குள், கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். விழுந்தாள், எழுந்தாள். "எங்க பாப்பாவைக் கொன்னுட்டாங்க! பாப்பா செத்துட்டாரு!" ஒலிபெருக்கியை விட அந்தக் குரல் பெரிதாக இருந்தது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஒருவர் "அருமையா நடிக்குதுய்யா குட்டி!" என்றார்.

அந்த நேரத்தில்தான் ஓமார் கறுப்புக் குதிரையை அவள்முன் இழுத்து நிறுத்தி, சரிந்து, கையை நீட்டினான். சிலையில் இருப்பது போலவே இருந்தான்.

"ஏறு ஒல்லி."

சுல்மா எழுந்தாள். ஏறவில்லை.

"புள்ளைங்க?" என்றாள்.

"என்ன புள்ளைங்க?"

"என் புள்ளைங்க."

"ஏய், லூசு, அது எவாரிஸ்தோவோட புள்ளடி!" ஓமாரின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னான். "ஊரே பாக்குது. ஏறுடி, பேண்டு ஆரம்பிச்சிட்டான்."

அவள் யோசித்து எதையும் செய்யவில்லை. பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டபோதும் அவளால் அதைத்தான் சொல்ல முடிந்தது. குதிரையைச் சுற்றிக்கொண்டு, நீட்டிய கையைத் தாண்டி, எதிர்த்திசையில் நடந்தாள். தூசிக்குள் குழந்தையைக் கண்டுபிடித்துத் தூக்கினாள். அந்தச் சின்ன உடம்பு முழுக்க ஒரே நடுக்கம்.

"பாப்பா சாகல கண்ணு. பாரு, மூச்சு விடறாரு பாரு."

எவாரிஸ்தோ கண்ணை மூடிக் கிடந்தார். பேண்டு முடியும்வரை கிடந்துதான் பழக்கம். தன் மகளின் குரல் காதருகே வந்ததும் இமை துடித்தது. ஒரு கண்ணைத் திறந்தார். பார்த்தார். மறு நொடியே தலைவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். தலையிலிருந்த இறகைப் பிய்த்து எறிந்துவிட்டு மகளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பாப்பா இங்கதான் இருக்கேன். இங்கதான் இருக்கேன்டி ராசாத்தி. யாரும் என்னைய ஒண்ணும் பண்ணல."

பேண்டுக்காரர்களில் தாரை ஊதுகிறவன் முதலில் நிறுத்தினான். பிறகு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. கடைசியாகப் பெரிய முரசு மட்டும் இரண்டு தடவை தனியாக ஒலித்துவிட்டு வெட்கப்பட்டதுபோல் ஓய்ந்தது. பொட்டலில் குழந்தையின் விம்மல் மட்டும் கேட்டது. நூறு வருஷத்துக்கு முன்பு விழுந்தவர் ஊர் மொத்தமும் பார்க்க எழுந்து நின்றார். இடுப்பில் மகள், பக்கத்தில் அவிழ்ந்த முடியோடு சுல்மா. ஒருவரும் சிரிக்கவில்லை. ஓமார் குதிரையிலிருந்து இறங்கி, கேப்டன் தொப்பியைக் கழற்றி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆக, பொதுமக்களே..." என்று ஒலிபெருக்கி ஆரம்பித்தது. ஆரம்பித்ததோடு சரி. கொஞ்ச நேரம் கழித்து, "கறி தயாரா இருக்கு" என்று முடித்துக்கொண்டது.

கூட்டம் கலைந்தபோது எவாரிஸ்தோவின் மனைவி ஓடிவந்து மகளை வாங்கிக்கொண்டாள். சுல்மாவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள், எதுவும் பேசவில்லை.

வீட்டில் அம்மா பேசினாள். "மானத்தை வாங்கிட்டியேடி! பெர்னாஸ்கோனி வீட்டம்மா என் மூஞ்சைப் பாக்காமப் போறா! ஒரு கொழந்த அழுதா யாராச்சும் தூக்கிக்கப் போறாங்க. ஒனக்கென்ன வந்துச்சு?"

"யாரும் தூக்கலையேம்மா."

அம்மா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சூப்பை அநியாயத்துக்குக் கிளறினாள்.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார். நகரத் தலைவர் அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம், புது டீச்சர் பிள்ளைகளின் மண்டையில் எதையோ ஏற்றுகிறாராம். மிர்த்தா டீச்சரும் அந்த அறையில் இருந்தார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"நான் ஒண்ணும் ஏத்தல சார். கதைல மீதியை மட்டும்தான் சொன்னேன். கொழந்தையைத் தூக்கினது அவளாத் தூக்கினது" என்றார்.

முதல்வர் சுல்மாவைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"ஒத்திகைல சுட்டுப் பாத்திருந்தா கொழந்த பயந்திருக்காது சார்."

அதற்கு மேல் அந்த விஷயத்தில் விசாரிக்க எதுவும் இருக்கவில்லை. தீத்தோ மட்டும் ஒரு வாரத்துக்கு அவளைக் கண்டபோதெல்லாம் மண்டியிட்டு வானத்தைப் பார்த்தான். பிறகு அவனுக்கே அலுத்துப்போய், ஒருநாள் அவள் மேஜைமேல் ஒரு அல்ஃபஹோர் இனிப்பை வைத்துவிட்டுப் போனான்.

ஓமார் மூன்று ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நான்காவதில் வந்தான். இருவரும் சதுக்கத்துக்குப் போகாமல் ஏரிப்பக்கம் நடந்தார்கள். பனிமூட்டத்தில் கரை எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. நாரைகள் எங்கோ கத்துவது மட்டும் கேட்டது.

"எல்லாருக்கும் முன்னாடி என்னைய கோமாளி ஆக்கிட்டே."

"தெரியும். அதுக்கு மன்னிச்சிரு. ஒன்னை அவமானப்படுத்தணும்னு பண்ணல."

"நான் ஒன்னைத் தூக்கிட்டுப் போக வர்றவன் இல்ல ஒல்லி. கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். நிசமாவே. எங்க வீடு பெருசு. படிப்பை விட்டுட்டாலும் ஒனக்கு ஒரு கொறையும் வராது."

சுல்மா அவன் முகத்தைப் பார்த்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. அவன் சொல்வது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டின் வெயில் விழும் சமையலறை, அவன் அம்மாவின் மேஜைவிரிப்பு, மாலை நேரத்து மாத்தே எல்லாம் அவளுக்குள் ஒரு கனவைப்போல விரிந்தன. அந்தக் கனவில் அவளுடைய கைகள் எல்லா வேலையையும் தாமாகவே செய்துகொண்டிருந்தன. அவள் மட்டும் அதற்குள் இல்லை.

"கொற வராதுன்னு தெரியும் ஓமார். அதான் பயமாயிருக்கு" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. வருத்தத்தோடு சிரித்தான். "நீ எப்பவுமே பாதி வேற எங்கயோதான் இருப்பே" என்றான். அவளை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனான். அடுத்த வருஷம் மளிகைக்கடைக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டான். சந்தோஷமாக இருக்கிறான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஜூலை விடுமுறைக்கு முன்னால் மிர்த்தா டீச்சர் தலைநகரத்துக்குக் கிளம்பினார். பஸ் நிறுத்தத்துக்கு சுல்மா போயிருந்தாள். பஸ் தாமதம். இரண்டு பேரும் சிமென்ட் பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த ஆட்டத்தைச் சொல்லப் போறேன்" என்றார் டீச்சர் திடீரென்று.

"வக்கீல் கேட்டா?"

"கேக்கட்டும். அவன்கிட்ட சொல்லுவேன். நாங்க ஆடினது அவங்க குடுத்ததில்ல, அவங்களால எடுக்க முடியாமப் போனதுன்னு." டீச்சர் தன் கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "கையுறையைக்கூட மாட்டத் தெரியல பாரு. பேசறப்போ நல்லாத்தான் பேசறேன்."

சுல்மா டீச்சரின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். கம்பளிக் கோட்டுக்குள் முதுகெலும்பு தெரிந்தது. தாளம் எதுவும் அவளுக்குத் தெரியாது. சும்மா வைத்திருந்தாள். பஸ் வரும்வரை எடுக்கவில்லை.

டீச்சர் சாட்சி சொன்னதை மறுநாள் ரேடியோவில் இரண்டு வரியாகச் சொன்னார்கள். ஆட்டத்தைப் பற்றி அதில் எதுவும் வரவில்லை. ஆகஸ்டில் திரும்பி வந்து பாடத்தை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். சொன்னீர்களா என்று சுல்மா கேட்டாள். "சொன்னேன். யாரும் சிரிக்கல. தட்டெழுத்து அடிக்கிற பொண்ணு மட்டும் நிறுத்திட்டு என்னைய ஒரு தடவை நிமிர்ந்து பாத்தா" என்றார்.

அடுத்த மே மாதம் தலைவனாகச் சாக எவாரிஸ்தோ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சண்டை போடவில்லை, காரணம் சொல்லவில்லை, முதுகு வலி என்றார். வேறு ஆள் தேடினார்கள், யாரும் கிடைக்கவில்லை. அந்த வருஷம் பேண்டும் கறியும் மட்டும் நடந்தன. சிலருக்கு அதில் வருத்தம்தான். இன்றைக்கும் சுல்மாவின் பெயரைச் சொன்னால் உதட்டைச் சுழிக்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் சுல்மா மேற்கே, உப்பளங்களுக்கு அப்பால் ஒரு பண்ணைக் குடியிருப்பின் பள்ளியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரே வகுப்பறை, தகரக் கூரை. பிள்ளைகள் குதிரையில் வருவார்கள், ஒரு குதிரையில் மூன்று பேர். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் எதையோ கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அந்த வெள்ளிக்கிழமை மதியம் மழை வந்தது. தகரத்தில் விழுந்த மழையின் சத்தத்தில் அவள் சொல்வது அவளுக்கே கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. முன்பெஞ்சில் இருந்த ஒரு பையன் பதிலுக்குச் சத்தமில்லாமல் வாயை அசைத்துக் காட்டினான். பின்னால் இருந்தவர்களும் அசைத்தார்கள். ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல், எல்லோரும் எதையெதையோ பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மழை விடும்வரை அப்படியே இருந்தார்கள்.